பதினாலு கிலோவில் எது போனது

பாப்பா,

போனில் பேசினால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் ஓசூரிலிருந்து கூப்பிட்டாயே, அந்தப் பேச்சுதான் என்னை இந்தக் காகிதத்துக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறது. "அத்தைகிட்ட முடிவா சொல்லிட்டேன்பா. நீங்க கிள்ளையிலேர்ந்து வந்து தங்க வேணாம், நர்ஸும் வைக்க வேணாம், எங்கப்பாவே எல்லாம் பாத்துப்பாரு, என்னையே கால்ல போட்டுக் குளிப்பாட்டுனவருன்னு சொன்னேன்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இரு பாப்பா, ஒரு விஷயம் பேசணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஆமா, நான் இருக்கேன்ல" என்றேன். போனை வைத்துவிட்டு, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் ஊன்றி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிள்ளையில் உன் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அன்றைக்கே உன்னைக் கடலூருக்கு அழைத்து வந்துவிட்டால், பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் வரை நீயும் குழந்தையும் என் பொறுப்பு. நான் ஒருத்தனாக அதைச் செய்ய என் உடம்பில் வலு இருக்கிறது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். இல்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஆறேழு பக்கம் ஆகும் போலிருக்கிறது, பொறுத்துக்கொண்டு படி.

போன ஐப்பசி மழையில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். "அம்பத்தாறு வயசுக்கு எண்பத்தாறு கிலோ ஜாஸ்தி சார்" என்றார். உன் அம்மா போய் மூன்று வருஷமாகக் கேள்வி கேட்க ஆளில்லாமல் வளர்ந்த தொப்பை அது. நீ மறு வாரமே அந்தக் கண்ணாடி மெஷினை அனுப்பிவைத்தாய். வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை மட்டும் இல்லை, கொழுப்பு எத்தனை சதவீதம், தசை எத்தனை கிலோ, தண்ணீர் எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று ஜாதகம் கணித்துச் சொல்லும். உடம்பின் வயது அறுபத்தாறு என்று முதல் நாளே என் முகத்தில் அடித்தது. "ஞாயித்துக்கெழம காலைல, வெறும் வயித்துல, கக்கூஸ் போயிட்டு வந்து ஏறுங்க. டெய்லி ஏறாதீங்க, டென்ஷன் ஆவீங்க" என்று சொல்லிக்கொடுத்தாய். நான் ஏறினால் அந்த விவரம் முழுக்க உன் போனுக்கும் தானாக வந்து சேரும்படி செய்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ஓசூரில் உன் போன் சத்தம் போடும், நீ எனக்கு ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். அந்தக் கட்டைவிரலுக்காகத்தான் வாரம் முழுக்கப் பட்டினி கிடந்தேன் என்றால் நம்புவாயா?

பட்டினி என்று தெரியாமலே கிடந்தேன் என்பதுதான் சரி. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மத்தியானம் ஒரு கரண்டி சோறும் கீரையும், ராத்திரி இரண்டு வெள்ளரிக்காய். பருப்பு வாயு என்று ஒருத்தர் சொன்னார், விட்டேன். தயிர் ஊளைச்சதை என்று இன்னொருத்தர் சொன்னார், அதையும் விட்டேன். மஞ்சக்குப்பத்திலிருந்து வெள்ளிக் கடற்கரை வரைக்கும் போக வர நடை. மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன், அப்புறம் இன்னொரு ஓட்டை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "சார், பத்து வயசு கொறஞ்சிட்டீங்க, இன்னா ரகசியம்?" என்று கேட்டார்கள். எனக்கும் தலை கால் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்தவன், கம்பெனி ஆளைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவன், ஒரு வருஷமாக யாரும் என்னை எதற்கும் பாராட்டவில்லை. மெஷினில் எண் இறங்குவது எனக்குப் பிரமோஷன் மாதிரி இருந்தது.

மாசி மாதத்தில் நீ உண்டாகியிருக்கிற செய்தி வந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய்த் தில்லைக் காளி முன்னால் நின்றேன். உன் அம்மா இருந்திருந்தால் அவள் வேண்டிக்கொண்டிருப்பாள். அவள் இல்லை என்பதால் அவள் பங்கையும் சேர்த்து நான் வேண்டினேன். "தாயே, எம்பொண்ணுக்கு நல்லபடியா பிரசவம் ஆவற வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன்" என்றேன். மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. கடலை வைத்துக்கொண்டு மீன் இல்லாமல் சாப்பிடுவது கடலூர்க்காரனுக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அதை வேண்டிக்கொண்டேன். எளிதானதைக் கொடுத்தால் சாமி என்ன நினைக்கும்? ஏற்கெனவே பருப்பும் இல்லை, தயிரும் இல்லை. இப்போது மீனும் முட்டையும் போயிற்று. தட்டில் மிஞ்சியது கூழும் கீரையும்தான். உனக்காக விட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

பங்குனியில் ஒருநாள் நீ கூப்பிட்டாய். "அப்பா, வெயிட்டு சரி, மசில் ஏம்பா இப்டி எறங்குது? டாக்டர பாருங்கப்பா." அப்போது உனக்கு மசக்கை. ஒரு வாய் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். பேசிக்கொண்டே நீ அழ ஆரம்பித்துவிட்டாய், அம்மா மாதிரி உங்களுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று. எனக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் போன் கடைக்குப் போய், மெஷினின் விவரம் உனக்கு வராதபடி செய்யச் சொன்னேன். உன்னிடம் "ஆப் ஏதோ மக்கர் பண்ணுது பாப்பா, இனிமே கையால எழுதி அனுப்பறேன்" என்றேன். நீ நம்பினாய். அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்?

அன்றைக்கிருந்து நேற்று ஞாயிறு வரை நீ பார்த்ததெல்லாம் நான் எழுதியது. எடையை அநேகமாக உண்மையாக எழுதினேன். தசையை அசையாமல் ஒரே இடத்தில் நிறுத்தினேன். எடையில் இறங்கினதையெல்லாம் கொழுப்பிலேயே கழித்தேன். கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். சில வாரம் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி எழுதுவேன், எல்லாம் ஒரே சீராக இறங்கினால் சந்தேகம் வரும் என்று. இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். என் தொழிலே அதுதான். கெமிக்கல் பிளான்டில் ஆபரேட்டர் என்றால், மணிக்கு ஒரு தடவை மூன்று மாடி ஏறி, ஒவ்வொரு கேஜாகப் பார்த்து, பிரஷர் எவ்வளவு, சூடு எவ்வளவு, கூலிங் தண்ணீர் எவ்வளவு என்று லாக் ஷீட்டில் எழுத வேண்டும். வெயில் காலத்தில் ஏற மனம் வராது. போன மணிக்கு எழுதியதை வைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்து எழுதிவிடுவோம், ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்து. பார்க்கிறவன் மேலே ஏறித்தான் எழுதியிருக்கிறான் என்று நினைப்பான். எல்லா ஆபரேட்டரும் அப்படி இல்லை. நான் அப்படி.

இதற்கு விலையாக ஒரு முறை இன்னொருத்தர் கையைக் கொடுத்திருக்கிறேன். என்னோடு ஷிப்ட் பார்த்த சேகர் மாமாவின் வலது கையில் இரண்டு விரல் மடங்காது, நீ சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து விளையாடுவாய். எப்படி ஆயிற்று என்று கேட்டபோதெல்லாம் "பிளான்ட்ல ஸ்டீம் பட்டுருச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ ஆறாவது படித்தபோது உன் பள்ளிக்கூட ஆண்டுவிழா, நாலரை மணிக்கு உன் கும்மி. எனக்கு டே ஷிப்ட். மூன்று மணிக்கே நாலு மணி, ஐந்து மணி ரீடிங்குகளை எழுதி வைத்துவிட்டு, சேகரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். நாலு மணிக்கு மேல் கூலிங் தண்ணீர் நின்றுபோயிருக்கிறது. சேகர் என் ஷீட்டைப் பார்த்திருக்கிறான், எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. வாடை வந்த பிறகுதான் மேலே ஓடிப்போய் வால்வை மூடியிருக்கிறான், சீறிய ஸ்டீமில் கை வெந்துவிட்டது. விசாரணையில் ஷீட் சுத்தமாக இருந்ததால் கேஜ் மேல் பழி போட்டு அதை மாற்றினார்கள். சேகர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு, "வுடு மச்சான், எழுதனது எழுதிட்ட. இனிமே மேல ஏறிப் பாத்துட்டு எழுது" என்றான். நீ அந்தக் கும்மியைப் பற்றி, அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்ததைப் பற்றி, கல்யாணத்தில்கூட உன் தோழிகளிடம் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்தில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அப்போது எடை எழுபத்திரண்டு. பெரியம்மா கதவைத் திறந்ததும், "தம்பி, இன்னா இப்டி ஒட்டிப் போயிட்டீங்க" என்றார். நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மாவின் பேரனுக்கு எட்டு மாதம், நல்ல கொழுக் மொழுக்கென்று இருப்பான். "சித்த புள்ளைய வச்சுக்கங்க தம்பி" என்று என் மடியில் விட்டுவிட்டு உள்ளே போனார். வாசலில் மேளச் சத்தம் கேட்டதும் அவன் துள்ளினான். காட்டலாம் என்று அவனை ஒரு கையில் அணைத்துக்கொண்டு எழுந்தேன். பாதி எழுந்தேன். அதற்கு மேல் தொடையில் ஒன்றுமே இல்லை பாப்பா. வலி இல்லை, மயக்கம் இல்லை. எழு என்று சொல்கிறேன், கேட்க அங்கே ஆள் இல்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். முழங்கையைக் கீழே கொடுத்து விழுந்ததால் குழந்தை என் நெஞ்சின் மேல் கிடந்தது. அவன் தலைக்கும் நிலைப்படிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. நான் அந்த ஒரு சாணைப் பார்த்தபடியே கிடந்தேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்து அழுதான், அவ்வளவுதான். எல்லோரும் ஓடி வந்தார்கள். "இன்னா ஆச்சு தம்பி?" என்று பெரியம்மா கேட்டார். கண் இமைக்கிற நேரத்தில் என் வாயில் வந்தது, "தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிருச்சு." பெரியம்மா திரும்பி மருமகளைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி தடவ சொல்றது, தொடச்சா ஈரம் போவத் தொடன்னு? புள்ள மண்ட ஒடஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது?" அந்தப் பெண் துடைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் ஒரு துணி எடுத்துவந்து, மண்டி போட்டு, காய்ந்த தரையைத் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அந்தச் சோற்றை இன்னொருத்தி தலையில் கொட்டியவன் உன் அப்பன். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு அவளும் கிள்ளைக்கு வருவாள். தனியாகச் சொல்வேனா, பெரியம்மாவை வைத்துக்கொண்டு சொல்வேனா தெரியவில்லை. சொல்லிவிடுவேன். இதை உனக்கு எழுதிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது இல்லையா, அதற்காகவும் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் மறுபடியும் சிதம்பரம் போனேன், பெரியம்மா வீட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. கடலூரில் காட்டினால் தெரிந்தவர் யாராவது பார்த்து உன் காதுவரை கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயம். பஸ் சிப்காட் ஓரமாகச் செம்மங்குப்பம் தாண்டும்போது ஜன்னல் வழியாக அந்தப் பழைய வாடை வந்தது. எத்தனை வருஷம் என் சட்டையில் இருந்த வாடை. உன் அம்மா என் துணியைத் தனியாகத்தான் ஊறவைப்பாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். கை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னாள், அரை நிமிஷத்துக்கு. ஏழு தடவையில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு பிடியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள், அதிலும் தேறவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒம்போது மாசத்துல பதினாலு கிலோ கொறச்சிருக்கேம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து, "சரி சார், எது கொறஞ்சுது?" என்று கேட்டாள்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அந்த மெஷினில் காட்டியதைச் சொல்லச் சொன்னாள். உனக்கு எழுதாத நிஜமான விவரத்தை அவளிடம் சொன்னேன். சீட்டின் பின்பக்கம் போட்டுக் காட்டினாள். எண்பத்தாறில் முப்பத்திரண்டு சதவீதம் கொழுப்பு என்றால் இருபத்தேழரை கிலோ. எழுபத்திரண்டில் இருபத்தெட்டரை சதவீதம் என்றால் இருபதரை. "கொழுப்புல ஏழு போயிருக்கு. இன்னொரு ஏழு எங்க சார்?" என்றாள். சதவீதம் இறங்குகிறதே என்று அதுவரை நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். "அந்த மெஷின் பாதத்துல லேசா கரண்ட்டு விட்டு ஊகிக்கறதுதான் சார், தண்ணி கொஞ்சம் கூடக் கொறைய இருந்தாலே மாறும். ஒரு வாரத்துது வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா மாசக்கணக்கா ஒரே பக்கம் எறங்குனா அது சும்மா இல்ல. கொறஞ்சதுல பாதி தசை சார், ஒடம்ப வித்துட்டீங்க." என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். வேண்டுதலையும் சொன்னேன். சிரிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. "சாமிக்கு மீனை வுட்டீங்க, சரி. மொச்சக்கொட்டைய வுடச்சொல்லி சாமி கேட்டுச்சா? தயிரக் கேட்டுச்சா?" நடை நல்லது, ஆனால் எழுவதற்கும் தூக்குவதற்கும் தொடையும் இடுப்பும் வேலை செய்ய வேண்டும், அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று ஐந்தாறு சொல்லிக்கொடுத்தாள். ஐப்பசியில் என் மகளுக்குப் பிரசவம், அதற்குள் தேறிவிடுவேனா என்று கேட்டேன். "போவறதுக்கு ஒம்போது மாசம் எடுத்துக்கிச்சு சார். வர்றதுக்கு அதவிட ஜாஸ்தி ஆவும். அவசரப்பட்டு முட்டிய ஒடச்சுக்காதீங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னபடியெல்லாம் செய்கிறேன். காலையில் சுண்டல், மத்தியானம் பருப்பும் தயிரும், சாயங்காலம் அவித்த வேர்க்கடலை, நம்ம மல்லாட்டை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மூன்று வேளை, மருந்து மாதிரி. ஏழு இப்போது பதினொன்றாகியிருக்கிறது. எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது, அதில் பெரும்பங்கு தசை என்றுதான் மெஷின் காட்டுகிறது. அதையும் உனக்கு எழுபத்திரண்டு என்றே அனுப்பினேன், ஏறினால் திட்டுவாய் என்று. நல்லது நடந்ததைக்கூட மறைக்கிற அளவுக்கு எனக்குப் பழகிப்போயிருக்கிறது. போன புதன்கிழமை ஒரு காரியம் செய்தேன். ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, எழப் பார்த்தேன். வெறுங்கையோடு சுவரைப் பிடித்தால் எழுகிறேன். பையோடு எழ முடியவில்லை. மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உனக்காகச் செய்த வேண்டுதல் உன் குழந்தையைத் தூக்குகிற வலுவைத் தின்றுவிட்டது என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. அசதியாக இருக்கிறது பாப்பா. ஏறி நின்று எண்ணைப் பார்ப்பது, எண்ணை மாற்றி எழுதுவது, மாற்றி எழுதியதை ஞாபகம் வைத்துக்கொள்வது, எல்லாமே அசதி.

நீ என்னை நம்புவதற்குக் காரணம் அந்தக் குளிப்பாட்டின கதை, அது எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது உன் அம்மாவுக்கு வயிற்றில் போட்ட தையல் சீழ் பிடித்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தாள். அவளுக்கு அம்மா இல்லை, பெரியம்மாவுக்கும் அப்போது கைக்குழந்தை. நைட் ஷிப்ட் முடித்து வந்து, தோட்டத்துக் கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டி உன்னை அதில் போட்டுக் குளிப்பாட்டுவேன். பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, ஒரு ஆம்பள போயி புள்ளையக் கால்ல போட்டுக்கினு" என்று சிரிப்பார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆளுக்கு வயது இருபத்தெட்டு. அவன் ஒரு கையில் உன்னையும் இன்னொரு கையில் வெந்நீர்க் குண்டானையும் தூக்கிக்கொண்டு எழுவான். நீ உன் மாமியாரிடம் சொன்னது அவனைப் பற்றி. இப்போது இங்கே இருப்பது அவன் இல்லை.

உன் மாமியார் விஷயத்திலும் தப்பு என் மேல்தான். ஆடியில் அவர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க தனியா இருக்கீங்க, நான் வந்து ஒரு மாசம் கூட இருக்கறேன்" என்று சொன்னார். நான் விறைப்பாக, "மொதப் பிரசவம் பொண்ணூட்டுக் கடமைம்மா, நாங்க பாத்துக்குவோம்" என்றேன். நாங்கள் என்றால் யார்? நானும் அந்த மெஷினுமா? ஆனி மாதத்தில் ஒரு குழந்தையோடு விழுந்தவன் ஆடி மாதத்தில் அப்படிப் பேசினேன். அவர் மனம் சங்கடப்பட்டிருக்கும். அதற்கு மேல் நேற்று நீயும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய், என்னை நம்பி.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன். இப்போதுதான் பேசி முடித்தேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, "என்னால புள்ளையத் தூக்கிக்கிட்டு எழுந்திருக்க முடியலம்மா, நீங்க வரணும்" என்று மட்டும் சொன்னேன். "வரலன்னு நான் எப்ப சொன்னேன்? அப்பனும் பொண்ணுமா நீங்கதான் வேணாம்னீங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார். உடனே, "வூட்டு ஆம்பளைங்க சோத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டு வரணும், பத்து நாள் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நீ இதைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டு, உன் வாயால் ஒரு தடவை வரச்சொல். கேட்பதற்கு வெட்கப்படாதே. உதவி கேட்காமல் இருப்பது பெரிய கௌரவம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அதை மறந்துவிடு.

உனக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். பிரசவம் ஆனதும் ஆளாளுக்கு உன் வயிற்றைப் பார்ப்பார்கள், உடம்பு போட்டுவிட்டது என்பார்கள். அடுத்த மாதமே நீயும் மெஷினில் ஏறி நிற்பாய், எனக்குத் தெரியும், என் புத்திதானே. இறங்குகிற எண்ணைப் பார்த்து ஏமாறாதே. எது இறங்குகிறது என்று கேள். பத்தியம் என்று சொல்லி அதை வெட்டு இதை வெட்டு என்றால், உன் மாமியாரே சொன்னாலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடு. குழந்தையையும் மாதாமாதம் தராசில் போடுவார்கள். நூறு கிராம் குறைந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அழாதே, கூடினால் ஊரெல்லாம் சொல்லாதே. மெஷினின் விவரம் இனி உன் போனுக்கே நேராக வரும், காலையில் கடைக்காரரிடம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த ஞாயிறு பார்த்துத் திடுக்கிடாதே. பார்க்கும்போது கோபம் வந்தால் திட்டு, நான் போனை எடுப்பேன்.

வேண்டுதலை மட்டும் விடவில்லை. அதில் நீ தலையிடாதே. இன்னும் ஒன்றரை மாதம்தானே, மொச்சை இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, யார் வாங்கிக்கொள்வது என்று கேட்பார்கள். என் பெயரைத்தான் சொல்லவேண்டும் என்று நீ முன்பே சொல்லி வைத்திருப்பாய். எனக்கும் அதுதான் ஆசை, வேறு யார் கையிலும் முதலில் போகக்கூடாது என்று மனசு அடித்துக்கொள்ளும். கிள்ளைக்காரர்கள் எல்லாம் நிற்பார்கள், பெரியம்மா நிற்பார், அந்த மருமகளும் நிற்பாள். நான் ரோஷத்தில் முன்னால் வந்து, நின்றபடியே இரண்டு கையையும் நீட்டி, "குடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல, குடுங்க" என்பேன். நம்பாதே. நீ உள்ளே படுத்திருப்பாய், உன்னால் சொல்ல முடியாது, அதனால் மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை. அவர் எனக்கு ஒரு நாற்காலி போடட்டும். நான் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்த பிறகு, பிள்ளையை என் மடியில் வைக்கட்டும்.

அப்பா